பத்தாயத்துக்குள் போன ஏழாவது புத்தகம்

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. பிறந்தநாளுக்கு என் தம்பி சென்னையிலிருந்து சி. எஸ். லூயிஸின் நார்னியா மாயக்கதைகள் ஏழையும் பெட்டியாக அனுப்பினான். ஆறை மளமளவென்று முடித்துவிட்டாள். ஏழாவதில் தாஷ் என்றொரு தெய்வம் வருகிறதாம். பறவைத் தலை, வளைந்த அலகு, நான்கு கைகள். அதைக் கும்பிடுகிறவர்கள் கறுத்த முகமும் தலைப்பாகையுமாக வருகிற கலோர்மென் நாட்டுக்காரர்கள். கதையில் அவர்கள்தான் எதிரிகள். "அம்மா, நம் கோயில் சாமிக்கும் நான்கு கைதானே? அப்படியென்றால் நாம் எந்தப் பக்கம்?" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள். என் மாமனார் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வாழ்நாளெல்லாம் இருந்தவர், சாமி கும்பிடாதவர். "பாதிரி எழுதின புத்தகம் இந்த வீட்டில் வேண்டாம்" என்று அதை எடுத்துப் பத்தாயத்துக்குள் போட்டுவிட்டார். தம்பியோ, "அப்படியானால் கடவுளை எதிர்க்கிற பிலிப் புல்மனைக் கொடு, சரியாகிவிடும்" என்கிறான். எழுதியவரின் அரசியல் குழந்தைக்குள் போய்விடுமா? அரசியலே இல்லாத மாயக்கதை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

வாசகி, திருத்துறைப்பூண்டி அருகே

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அரசியலே இல்லாத மாயக்கதை என்னிடம் இல்லை. கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துக் கிளை நூலகங்களில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளின் அலமாரியைப் பார்த்துக்கொண்டவள் நான். அப்படி ஒன்று என் கையில் பட்டதே இல்லை. ஊர்க்கதை எழுதுகிறவருக்காவது "இருப்பதைத்தானே எழுதினேன்" என்று தப்பிக்க ஒரு வழி உண்டு. இல்லாத உலகத்தைப் படைக்கிறவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. அங்கே யார் ஆள்வது, யார் சமைப்பது, யார் வாசலோடு நின்றுவிடுவது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்தாக வேண்டும். சிங்கம் பேசுவது அவர் இஷ்டம் என்றால், பேசுகிற சிங்கத்துக்குக் கீழே ஒரு ராஜா இருப்பதும் அவர் இஷ்டம்தான்.

நம் ஆற்றங்கரைக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிக்குக் கரிகாலன் கரை கட்டிய கதையைக் கேட்காமல் டெல்டாவில் எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. கலிங்கத்துப்பரணி 'தொழுது மன்னரே கரைசெய் பொன்னி' என்கிறது. தோற்ற மன்னர்கள் கைகூப்பி வந்து மண் சுமந்தார்களாம். கேட்க நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் போங்கள். சிங்களத்தில் எழுதப்பட்ட இராஜாவலியவில், சோழ மன்னன் ஒருவன் இலங்கையிலிருந்து பன்னிரண்டாயிரம் பேரைச் சிறைபிடித்துக் காவிரியில் வேலை வாங்குகிறான். அவர்களை மீட்கக் கஜபாகு மன்னன் நீலன் என்ற மாவீரனோடு புறப்படுகிறான். இரும்புத் தண்டால் அடித்ததும் கடல் பிளந்து வழிவிடுகிறது. தன் பன்னிரண்டாயிரம் பேரோடு, வட்டிபோல இன்னொரு பன்னிரண்டாயிரம் பேரையும் கூட்டிக்கொண்டு அவன் திரும்புகிறான். சிலப்பதிகாரத்தில் வருகிற 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு' இவனே. ஆறும் கரையும் ஒன்றுதான். மண் சுமந்தவன் நம் கதையில் தொழுதுகொண்டு நிற்கிறான், அவர்கள் கதையில் வீட்டை நினைத்து அழுகிறான். இரண்டையும் உங்கள் மகளுக்கு ஒரே நாளில் சொல்லிப் பாருங்கள். கல்லணைக்கு அடுத்த முறை பள்ளிச் சுற்றுலா போகும்போது அவள் வேறு கண்ணோடு பார்ப்பாள்.

இனி நார்னியா. மாமனாரிடம் ஒரு திருத்தம் சொல்லுங்கள்: சி. எஸ். லூயிஸ் பாதிரி இல்லை. 1898இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர். இளமையில் நாத்திகர், முப்பது வயதுக்கு மேல் கிறிஸ்தவத்துக்குத் திரும்பியவர். 1951இல் சர்ச்சில் அரசு தரவந்த பட்டத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தாம் மதத்தைப் பற்றி எழுதுவதெல்லாம் இடதுசாரிகளுக்கு எதிரான பிரசாரம் என்று சொல்லித் திரிகிறவர்களுக்கு அது தோதாகப் போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். ஆக, உங்கள் மாமனாரின் சந்தேகம் அந்தக் காலத்திலேயே அவர் காதுக்கு எட்டியிருக்கிறது.

நார்னியாவை அவர் மதபோதனையாகத் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. பதினாறு வயதிலிருந்து மனதில் கிடந்த ஒரு படம்தான் தொடக்கம் என்கிறார்: பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடந்து வரும் ஓர் ஆட்டுக்கால் மனிதன். நார்னியாவுக்குக் கடவுளாக வருகிற சிங்கமும், அதற்குப் பின்னால் நிற்கிற சிலுவையும் பிறகு வந்து சேர்ந்தவை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. திட்டமிட்டு வைத்த கருத்தைப் பிள்ளைகள் சுலபமாகத் துப்பிவிடுவார்கள். தானாக வந்து சேர்வதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். 1952இல் வந்த மூன்றாவது புத்தகத்தில் யூஸ்டஸ் என்ற பையன் வருகிறான். அவன் பெற்றோர் அசைவம் சாப்பிடாதவர்கள், மது தொடாதவர்கள், புகைபிடிக்காதவர்கள் என்று தொடக்கத்திலேயே எழுதுகிறார். உங்கள் மகள் இதைப் படித்ததும் என்ன நினைத்திருப்பாள்? நல்ல குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள்! நம் ஊரில் அது வள்ளுவர் பக்கம் நிற்கிற குடும்பம். லூயிஸ் எழுதியதோ கேலி. அன்றைய இங்கிலாந்தில் அந்தப் பழக்கங்களெல்லாம் 'முற்போக்கு' ஆசாமிகளின் அடையாளம். நான்காவது புத்தகத்தில் புதுமுறைக் கல்வி என்று சொல்லிக்கொள்கிற ஒரு பள்ளியையும் கிழிகிழி என்று கிழிக்கிறார். அந்தத் தலைமையாசிரியை எதற்கும் லாயக்கில்லை என்று தெரிந்ததும் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள், அங்கே அவர் சுகமாக இருக்கிறார் என்று முடிக்கிறார். (சிரிக்காமல் இருக்க முடியவில்லை, என்ன செய்வது.)

குறிபார்த்து விட்ட இந்த அம்புகள் எதுவும் திருத்துறைப்பூண்டி வரை வந்து தைக்கவில்லை, பாருங்கள். நான்கு கை மட்டும் தைத்துவிட்டது. அதை எழுதியபோது அவர் நடராஜரை நினைத்தாரா, ஏதோ அரபுக்கதைப் படத்தை நினைத்தாரா என்பதில் நான் இறங்கப்போவதில்லை. நான்கு கை என்றால் பயங்கரம், கறுத்த முகமும் தலைப்பாகையும் என்றால் கொடூரம் என்பது அவருக்கு யோசிக்கவே தேவையில்லாத விஷயமாக இருந்திருக்கிறது. தம் வாசகர்களில் ஒருத்தி நான்கு கைச் சாமியைப் பார்த்தபடி வளர்ந்தவளாக இருப்பாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. வெள்ளம் வடிந்தால் நுரை போய்விடும், வண்டல் வயலில் தங்கிவிடும். எழுத்தாளர் வாய்விட்டுச் சொன்ன கொள்கை நுரை. சொல்லத் தேவையில்லை என்று விட்டது வண்டல்.

மகளுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவாமிமலைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அங்கே ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். நடராஜரின் ஒவ்வொரு கையும் என்ன சொல்கிறது என்று அவர்களையே கேட்கட்டும். உடுக்கை ஒன்றில், தீ ஒன்றில், 'அஞ்சாதே' என்று ஒன்று, தூக்கிய திருவடியைக் காட்டியபடி ஒன்று. பிறகு வண்டியில் திரும்பும்போது, "இதைப் பார்க்காத ஒருவர் நான்கு கையைக் கற்பனை செய்தால் எப்படிச் செய்வார்?" என்று நீங்கள் கேளுங்கள். "நாம் எந்தப் பக்கம்" என்ற கேள்விக்கு அதற்குமேல் நேரடி விடை வேண்டியிருக்காது. மாமனார் வரமாட்டார் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் உலோகம் காய்ச்சுகிறவர்களின் கூலி பற்றிப் பேசலாம் என்றால் அவரும் வரக்கூடும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஐந்தாவது புத்தகத்தில் வருகிற அராவிஸ் கலோர்மென்காரப் பெண்தான். அந்தக் கூட்டத்திலேயே துணிச்சலும் தந்திரமும் உள்ளவள் அவள். கதை சொல்வதை அந்த நாட்டில் ஒரு கலையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று எழுதிவிட்டு, ஆங்கிலப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதத்தான் கற்றுக்கொடுக்கிறோம், அதைப் படிக்க ஆசைப்பட்டவரை நான் கண்டதில்லை என்று தம் ஊரையே இடிக்கிறார். ஏழாவதில் ஏமெத் என்ற கலோர்மென் வீரன் வாழ்நாளெல்லாம் தாஷை உண்மையாக நேசித்தவன். கடைசியில் சிங்கம் அவனை ஏற்றுக்கொள்கிறது. நீ தாஷுக்குச் செய்த நற்செயல்களை எனக்குச் செய்ததாகவே எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. தாராளம்தான். ஆனாலும் கணக்கு யார் பெயரில் எழுதப்பட்டது, கவனித்தீர்களா? உங்கள் மகள் அந்தப் பக்கத்துக்கு வந்துசேர வேண்டும். பத்தாயத்தில் கிடந்தால் எப்படி வருவாள்?

மாமனாரைச் சமாதானப்படுத்த என்னிடம் ஒரு காட்சி இருக்கிறது. அதே மூன்றாவது புத்தகத்தில், ஒரு தீவின் ஆளுநர் அடிமை வியாபாரத்தை நிறுத்தமுடியாது என்கிறார். புள்ளிவிவரம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, நிறுத்தினால் முன்னேற்றமும் வளர்ச்சியும் போய்விடும் என்கிறார். இளம் அரசன் காஸ்பியன், அந்த இரண்டையும் முட்டையில் பார்த்திருக்கிறேன், எங்கள் நாட்டில் அதற்கு அழுகிப்போவது என்று பெயர் என்கிறான். வியாபாரத்தை அன்றே ஒழிக்கிறான். மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று நம் வயலுக்குள் வளர்ச்சி வந்து நின்ற நாட்களையும், 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததையும் அவர் மறந்திருக்கமாட்டார். அந்தப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள். சங்கக் கூட்டத்தில் சொல்ல அந்த முட்டை அவருக்குப் பயன்படும்.

ஆனால் அடிமை வியாபாரத்தை ஒழிப்பது யார்? நல்ல அரசன். இங்கேதான் நான் இன்னும் கொஞ்சம் நிற்கவேண்டும்.

லூயிஸ் சிறுவயதில் விரும்பிப் படித்தவர்களில் ஒருவர் ஈ. நெஸ்பிட் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர். சோஷலிஸ்ட், 1884இல் ஃபேபியன் என்ற சோஷலிசச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1906இல் வந்த அவருடைய தாயத்துக் கதையில், பண்டைய பாபிலோனின் ராணி மந்திரத்தால் லண்டனுக்கு வந்துவிடுகிறாள். தெருவில் போகிறவர்களைப் பார்த்து, உங்கள் அடிமைகளை ஏன் இப்படி வாட விட்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். அவர்கள் அடிமைகள் இல்லை, உழைப்பாளிகள் என்கிறார்கள் பிள்ளைகள். உழைப்பவர்களைத்தானே அடிமைகள் என்பது என்கிறாள் அவள். கலகம் செய்யப்போகிறார்கள் என்று எச்சரிக்கிறாள். செய்யமாட்டார்கள், அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது, அப்பா சொன்னார் என்கிறான் ஒரு பையன். ஓட்டு என்றால் என்ன, மந்திரமா, அதை வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்கிறாள் ராணி. குறிப்பாக ஒன்றும் செய்வதில்லை என்று பதில் வருகிறது. ஓ, விளையாட்டுச் சாமானா என்கிறாள்! தேர்தல் முடிந்து விரலில் மை காயாத வாரத்தில் உங்கள் வீட்டில் இதைச் சத்தமாகப் படிக்கலாம்.

அரை நூற்றாண்டு கழித்து, 1955இல் வந்த ஆறாவது நார்னியா புத்தகத்தில் லூயிஸ் அதே காட்சியைக் கையிலெடுக்கிறார். வேற்றுலக ராணி ஒருத்தி லண்டன் தெருவில் குதிரைவண்டியின்மேல் ஏறி நிற்கிறாள். அவள் இப்போது கேள்வி கேட்பவள் இல்லை. ஒரே சொல்லால் தன் உலகத்தையே அழித்துவிட்டு வந்த கொடுங்கோலி. அணுகுண்டுக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பெரியவர்களுக்குப் புரிந்திருக்கும். அந்த வண்டியை ஓட்டுகிற ஏழைத் தொழிலாளியைத்தான் லூயிஸ் நார்னியாவின் முதல் அரசனாக்குகிறார், துணி துவைத்துக்கொண்டிருந்த அவன் மனைவியை அரசியாக்குகிறார். நெஸ்பிட்டுக்கு, உழைப்பவன் ஏன் பட்டினி கிடக்கிறான் என்பது கேள்வி. லூயிஸுக்கு, உழைப்பவனிலும் நல்ல ராஜா இருக்கிறான் என்பது பதில்.

நமக்கு இது புரியாத சங்கதியா? "அந்தப் பண்ணையார் தங்கமானவர், நெல் அளக்கையில் கை குறைக்கமாட்டார்" என்று டெல்டாவில் எத்தனை கிழவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தங்கமானவராகவே இருந்திருக்கலாம். ஆனால் குடிசை நிற்கிற மண் அவருடையதாக இருந்தவரை, அவர் தங்கமாக இருப்பதும் தகரமாக இருப்பதும் அவர் மனதைப் பொறுத்தது. 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்த பிறகுதான் அந்த மண் குடியிருப்பவர் பெயருக்கு வந்தது. இத்தாலியக் கம்யூனிஸ்ட் ஜான்னி ரொடாரி 1951இல் எழுதிய, காய்கனிகளே மனிதர்களாக நடமாடுகிற சிப்பொலினோ கதையில் இதே வழக்குதான். ஏழைப் பூசணிக்காய்க் கிழவர் வாழ்நாளெல்லாம் செங்கல் சேர்த்து, உட்கார மட்டும் இடமுள்ள ஒரு வீடு கட்டுகிறார். இது சீமாட்டிகளின் நிலம், அனுமதி இல்லை என்று காரியக்காரத் தக்காளி அவரை விரட்டிவிட்டு, உள்ளே நாயைக் கட்டுகிறான். கடைசியில் நல்ல அரசன் யாரும் திரும்பி வருவதில்லை. இளவரசன் ஓடிப்போகிறான், கோட்டை பிள்ளைகள் விளையாடுகிற இடமாகிறது. உங்கள் மாமனார் இதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவார். அப்போது மெதுவாகக் கேளுங்கள், "மாமா, இது மட்டும் பிள்ளைக்குள் அரசியலாகப் போகாதா?" என்று.

நல்ல அரசியல் உள்ளவர் எழுதினால் புத்தகம் சுத்தம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். அதே நெஸ்பிட், அதே பாபிலோன் ராணியைப் பங்குச்சந்தைக்கு அனுப்பும்போது யூதத் தரகர்களை அவர்கள் உச்சரிப்பை வைத்து மட்டமாகக் கேலி செய்கிறார். தொழிலாளியின் பசி தெரிந்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

கண்டதையெல்லாம் குறியீடாகப் படிக்கிற வியாதியும் ஒன்று உண்டு. 1900இல் ஃபிராங்க் பாம் எழுதிய ஓஸ் மந்திரவாதியின் கதைக்கு, 1964இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற ஆசிரியர் ஓர் உரை எழுதினார். மஞ்சள் கல் பாதை தங்க நாணயம், வெள்ளிச் செருப்பு வெள்ளி நாணயம், வைக்கோல் பொம்மை விவசாயி, எல்லாம் அன்றைய அமெரிக்கப் பண அரசியல் என்றார். பாமுக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்ததற்கு ஆதாரமில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பாம் நிஜமாகவே எழுதிய கொடிய அரசியல் ஒன்று உண்டு: செவ்விந்தியர்களை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்று 1890-91இல் தம் பத்திரிகையில் எழுதிய தலையங்கங்கள். ஆராய்ச்சி தோண்டியது அரசியல் இல்லாத இடத்தில், அது இருந்த இடம் வேறு.

தம்பியின் யோசனைக்கு வருகிறேன். புல்மனுடைய மாயக்கதையின் மூன்று பாகங்கள் 1995 முதல் 2000 வரை வந்தவை. அவர் நாத்திகர், நார்னியாவை வெளிப்படையாகவே சாடியவர். மனிதரின் ஆன்மா ஒரு விலங்காகக் கூடவே நடக்கும் என்ற அவருடைய கற்பனைக்கு நான் அடிமை. ஆனால் மூன்றாவது பாகத்தில் அவரும் பிரசங்க மேடை ஏறிவிடுகிறார். மேடையில் இருப்பது வேறு கொடி, அவ்வளவுதான். ஒன்றுக்கு மருந்தாக இன்னொன்றைக் கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டுமே கஷாயமாகிவிடும். இன்னும் இரண்டு வருடம் போகட்டும்.

அடுத்து என்ன என்றால், அர்சுலா லெ குவின் 1968இல் தொடங்கிய எர்த்சீ கதைகள். அதன் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். கொள்ளையடிக்க வருகிறவர்கள் வெள்ளையர்கள். உங்கள் மகள் இதைக் கவனிக்கிறாளா என்று பாருங்கள், நீங்களாகச் சொல்லாதீர்கள். அந்த முதல் புத்தகத்தில் பெண்களின் மந்திரம் பலவீனமானது என்று பழமொழியே வரும், மந்திரவாதிகளின் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. நான்காவதாக 1990இல் அதே உலகத்துக்குத் திரும்பிவந்து, அடுப்படியிலும் ஆட்டுத்தொழுவத்திலும் கதையை வைத்து, தாம் முன்பு எழுதியதைத் தாமே கேள்வி கேட்டார். இரண்டுக்கும் நடுவே இருபத்திரண்டு ஆண்டுகள்.

எனக்கு மேலே இருந்த ஓர் அதிகாரி ஒருமுறை பேய், மந்திரம் உள்ள புத்தகங்களையெல்லாம் பூட்டுப்போட்ட கண்ணாடி அலமாரிக்குள் வைக்கச் சொன்னார். அந்த வருடம் முழுவதும் பிள்ளைகள் அந்தக் கண்ணாடியில் மூக்கை வைத்தே நின்றார்கள்; தினம் துடைத்துத் துடைத்து எனக்குக் கை ஓய்ந்தது. பத்தாயமும் கண்ணாடி அலமாரிதான், உள்ளே இருப்பது தெரியவில்லை, அவ்வளவே. அறுவடை நெல் வருவதற்குள் புத்தகத்தை எடுத்துவிடுங்கள், அந்துப்பூச்சி அட்டையை விடாது. மகளிடம் கொடுப்பதற்கு முன்னால் மாமனாரிடம் கொடுங்கள். ஆங்கிலம் அவருக்குச் சிரமம் என்றால் பேத்தி திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்லட்டும். தாஷ் வரும் இடத்தில் அவர் குறுக்கிடுவார். குறுக்கிடட்டும்.